'மார்ச் மேட்னஸ்': கணிப்புகளைப் பொய்யாக்கும் கல்லூரிக் கூடைப்பந்து

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான என்சிஏஏ ஆடவர் கூடைப்பந்துத் தொடர் 'மார்ச் மேட்னஸ்' என அழைக்கப்படுகிறது. பிரதான சுற்றில் 64 அணிகள் நான்கு பிரிவுகளில், 1 முதல் 16 வரையிலான தரவரிசையுடன் மோதுகின்றன. ஒருமுறை தோற்றால் வெளியேற வேண்டியதுதான்.

தொடர் தொடங்கும் முன்பே 63 ஆட்டங்களின் முடிவுகளையும் ரசிகர்கள் கணிக்கின்றனர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரு முடிவுகள் என்பதால், மொத்த வாய்ப்புகள் 92,000 கோடி கோடியைத் தாண்டும். முழுமையாகக் கணிப்பவருக்கு 2014-இல் அறிவிக்கப்பட்ட 100 கோடி டாலர் பரிசை எவரும் வெல்லவில்லை.

முதல் சுற்றில், 12-ஆம் நிலை அணிகள் 5-ஆம் நிலை அணிகளை ஏறத்தாழ மூன்றில் ஒரு ஆட்டத்தில் வீழ்த்தியுள்ளன. 16-ஆம் நிலை அணியிடம் முதல்நிலை அணி தோற்பது மிக அரிது. 2018-இல் வர்ஜீனியாவும் 2023-இல் பர்டியூவும் அவ்வாறு வெளியேறின. எனினும், கோப்பை பெரும்பாலும் முன்னணி அணிகளுக்கே கிடைக்கிறது. பட்டம் வென்ற மிகத் தாழ்ந்த தரவரிசை அணி, 1985-இல் 8-ஆம் நிலையில் இருந்த வில்லனோவா.