வேலியோரச் செங்காந்தளும் உங்கள் இதயமும்... ஒரு அழற்சிக் கதை!

கார்த்திகை மாசத்துல ஜெயங்கொண்டம் பக்கம் பைக்கில் போனால், வேலியோரத்தில் தீ பற்றிக்கொண்ட மாதிரி ஒரு பூ கண்ணில் படும். அதுதான் நம் மாநில மலரான செங்காந்தள். ஊரில் கேட்டால் கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்பார்கள். அதன் விதையில் இருக்கும் 'கோல்சிசின்' என்ற மருந்துப்பொருளுக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுத்துவந்த இந்த மருந்தைப் பற்றி இப்போது இதய மருத்துவர்கள் பேசுகிறார்கள். ஏன்?

காவலாளியே எதிரியானால்..?

முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது இல்லையா? அதுதான் அழற்சி. 'இங்கே அடிபட்டிருக்கு, ஓடி வாங்க' என்று தகவல் அனுப்புபவை சைட்டோகைன் என்ற புரதங்கள். டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

இதயத் தசை செல்லில் டி.என்.எஃப் வந்து ஒட்டிக்கொள்ள இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. ஒன்றில் ஒட்டினால், 'தாக்குப்பிடி' என்ற உத்தரவு போகும். இன்னொன்றில் ஒட்டினால், செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வேலை தொடங்கலாம். இந்தப் புரதங்கள் கொஞ்ச நேரம் வந்துபோனால் காவலாளி. மாதக்கணக்கில் டேரா போட்டால் ஆபத்து.

தோல் மாதிரி இதயத் தசை மளமளவென்று வளராது. 25 வயதில்கூட வருஷத்துக்குச் சுமார் 1 சதவிகிதம் செல்கள்தான் புதுப்பிக்கப்படுகின்றன. மாரடைப்பில் செத்த தசை தழும்பாகவே நின்றுவிடும். அந்தச் சமயத்தில் அழற்சியும் அடங்காமல் போனால், தப்பிய செல்களுக்கும் சிக்கல்.

கோல்சிசின் என்ன செய்கிறது?

இன்டர்லூக்கின்-1 உற்பத்தியாகும் இடத்திலேயே கோல்சிசின் பிரேக் போடுகிறது. மாரடைப்பு வந்த சுமார் 4,700 பேரிடம் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. அதில் மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் மொத்தமாக 23 சதவிகிதம் குறைந்தன. 2023-ல் அமெரிக்க அரசு இதய நோயாளிகளுக்கு 0.5 மில்லிகிராம் அளவில் இதை அனுமதித்தது. ஆனால், 2024-ல் சுமார் 7,000 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் பெரிய பலன் தெரியவில்லை. யாருக்குக் கொடுப்பது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

கிழங்கைத் தொடாதீங்க!

'நம்ம தோட்டத்துலயே இருக்கே, அரைச்சுக் குடிச்சா என்ன?' என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். செங்காந்தளின் எல்லாப் பாகமும் விஷம். கிழங்கும் விதையும் கொடிய விஷம். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பிறகு ரத்த அணுக்கள், சிறுநீரகம், கடைசியில் இதயத் தசையே பாதிக்கப்படும். மருந்துக்கும் விஷத்துக்கும் இடையே இருப்பது சில மில்லிகிராம்தான். தெரியாமல் யாராவது சாப்பிட்டுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது...

* சிகரெட்டை விடுங்கள். புகை, உடம்பில் அழற்சியை அணையவிடாது.

* இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் சைட்டோகைன்களைச் சுரக்கும். தினமும் அரை மணி நேரமாவது நடங்கள்.

* ஈறில் ரத்தம் கசிந்தால் அலட்சியம் வேண்டாம். அதுவும் நாள்பட்ட அழற்சிதான்.

* நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கை வலி என்று வந்தால், 'கேஸா இருக்கும்' என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். ரத்தம் நின்ற அரை மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். உடனே 108-ஐ அழையுங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

அடுத்த முறை செங்காந்தளைப் பார்த்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிழங்கு மண்ணிலேயே இருக்கட்டும். வீட்டில் அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறது என்றால் மட்டும், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கிளம்புங்கள்!