கண்டிச் சீமைச் சனமும் டொலர் பண்ணையும்

எங்க ஆத்தூர்ச் சேரியில் பெரிசுங்க சொல்லும்: "கண்டிச் சீமைக்குப் போனவன் திரும்பல." போனவர்களில் பெரும்பகுதி நிலமற்ற தலித்துகள். தேயிலைக்கு உழைத்த அவர்களின் குடியுரிமையை 1948இல் இலங்கை அரசு பறித்தது. 1977 கலவரத்தில் லயங்களையும் தாக்கினார்கள். தப்பியவர்கள் வடக்கே ஓடினார்கள்.

அருளானந்தம் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அமைப்பு, வவுனியாவைச் சுற்றி அவர்களைக் குடியமர்த்தியது. டொலர் பண்ணை, கென்ட் பண்ணை என்று பெயர். மாரி மழையை நம்பிய வறண்ட காடு. கொழுந்து கிள்ளிய கை அதை வெட்டித் திருத்திப் பயிர் வச்சது. தலைமுறைக் கூலிகள் முதன்முதலா தங்களுக்காக விதைச்சாங்க.

1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984இல் பண்ணைச் சனத்தை விரட்டிவிட்டு, சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து வைத்தது அரசு. நவம்பர் 30இல் புலிகள் அங்கே தாக்கினார்கள். செத்ததில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது.

இன்று அந்த மண்ணை 'மணலாறு' என்றும் 'வெலிஓயா' என்றும் இரண்டு பெயரில் உரிமை கொண்டாடுகிறார்கள். காடு திருத்தினவன் பேரு ரெண்டிலும் இல்ல. இங்கே 1892 ஆணையில் கிடைத்த பஞ்சமி நிலம் போன கதை நமக்குத் தெரியும். 'தமிழர் நிலம்' என்று பேசுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதில் எங்க சனத்துக்கு எத்தனை ஏக்கர்?