இணையவழி வகுப்பு நெறிமுறைகள் (இந்தியா, 2020)

கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் இந்தியப் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசிக்கு மாறின. குழந்தைகள் நெடுநேரம் திரையைப் பார்ப்பது குறித்துப் பெற்றோர் கவலைப்பட்டனர். இந்நிலையில் நடுவண் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2020 சூலை 14 அன்று ‘பிரக்யாதா’ என்னும் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

இதன்படி, மழலையர் வகுப்புக்கு நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மேல் கூடாது. அந்த நேரமும் பெற்றோருடன் பேசி வழிகாட்டுவதற்கே. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு நாளுக்கு இரண்டு அமர்வுகளும், 9 முதல் 12 வரை நான்கு அமர்வுகளும் உச்ச அளவு. ஓர் அமர்வு 30 முதல் 45 நிமிடம்.

பிள்ளைகளின் உடல்நலம், மனநலம், இணையப் பாதுகாப்பு ஆகியவற்றில் பெற்றோரின் பங்கையும் நெறிமுறைகள் வலியுறுத்தின. வகுப்பறையில் ஆசிரியர் செய்துவந்த கண்காணிப்பு இவ்வாறு வீட்டுக்கு வந்தது. பகல் முழுதும் கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு இது எளிதன்று.

கைப்பேசி இல்லாத வீடுகளையும் நெறிமுறைகள் கணக்கில் கொண்டு, தொலைக்காட்சி, வானொலி வழிகளைப் பரிந்துரைத்தன. தமிழ்நாட்டில் 2019 ஆகத்து 26இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி அப்போது கைகொடுத்தது. ஆயினும் தொலைக்காட்சியிடம் மாணவர் ஐயம் கேட்க இயலாது. நேர வரம்பு கண்ணைக் காத்தது. கருவியே இல்லாத பிள்ளைக்கு அது பயன்படவில்லை.