உத்தரவு எங்கே?

பிரெஞ்சு வழியில் படித்த நாளிலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்ட சொல் 'ரெசெவாபிள்'. மனுவை விசாரணைக்கு ஏற்கலாம் என்று பொருள். முன்னால் 'இர்' சேர்ந்தால் மனு வாசலோடு திரும்பிவிடும்.

ஸ்ட்ராஸ்பூர் நகரில் 1959 முதல் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இந்த வாசல் கேள்விகளைத்தான் முதலில் கேட்கும். எதிர்த்தரப்பு, உடன்படிக்கையில் சேர்ந்த நாடா? மனுதாரர் அதன் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தாரா? உள்நாட்டு நீதிமன்றங்களை எல்லாம் பார்த்தாயிற்றா? கெடுவுக்குள் வந்தாரா? (அன்று ஆறு மாதம், இன்று நான்கு.) பாதிக்கப்பட்டவர் அவர்தானா? எந்த நாட்டுக் குடிமகன் என்று மட்டும் கேட்பதில்லை.

அதனால்தான் இலங்கைத் தமிழர் இருவர் அங்கே போக முடிந்தது. 'விஜயநாதன், புஸ்பராஜா எதிர் பிரான்ஸ்' என்பது வழக்கின் பெயர். அவர்களுடைய அகதி விண்ணப்பம் பிரான்சில் தள்ளுபடியாகி, வெளியேறும்படி அறிவிப்பும் வந்திருந்தது. ஊருக்குத் திருப்பி அனுப்பினால் சித்திரவதை நேரும் என்றார்கள். 1992 ஆகஸ்ட் 27இல் தீர்ப்பு: வெளியேற்றும் உத்தரவு இன்னும் பிறக்கவில்லை, எனவே இப்போதைக்கு இவர்கள் 'பாதிக்கப்பட்டவர்கள்' அல்லர்.

ஐந்து தமிழர் பிரிட்டன் மீது தொடுத்த இன்னொரு வழக்கு 1991இல் முடிந்தது. அவர்களை 1988இலேயே இலங்கைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மனு வாசலைத் தாண்டியது, ஆனாலும் தோற்றது. முந்தி வந்தால் உத்தரவு இல்லை. பிந்தி வந்தால் ஆள் அங்கே இல்லை.

நானும் முப்பது வருஷத்துக்கு மேல் வாசலில் உட்கார்ந்தவன். ஓர் அம்மாள், தன் விதவை உதவித்தொகையை நிறுத்தப்போவதாகக் கேள்விப்பட்டு மனு கொண்டுவந்தார். "நிறுத்திய உத்தரவு எங்கேம்மா?" என்று திருப்பி அனுப்பினேன். விதிப்படி சரிதான்.

ஆனால் ஸ்ட்ராஸ்பூர் நீதிபதிகள் இன்னொன்றையும் பார்த்திருந்தார்கள். உத்தரவு வந்தால் பிரான்சிலேயே மேல்முறையீடு செய்யலாம், அது முடியும்வரை அனுப்ப முடியாது என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். அந்தக் கதவு இருந்ததால்தான் இந்தக் கதவைச் சாத்தினார்கள்.

நான் அந்த அம்மாளுக்கு, உத்தரவு வந்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் மறுபடி வரவும் இல்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்தச் சாயலில் யாரைக் கண்டாலும் இன்றும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறேன்.