கென்பக்கு டோம்-மயே டிராம் நிறுத்தம்

கென்பக்கு டோம்-மயே என்பது ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் உள்ள ஒரு டிராம் நிறுத்தம் ஆகும். இது ஹிரோடென் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஹிரோஷிமா மின்தொடருந்து நிறுவனத்தின் முதன்மைத் தடத்தில் அமைந்துள்ளது.

பெயர்க் காரணம்

ஜப்பானிய மொழியில் கென்பக்கு என்பது அணுகுண்டையும், டோம் என்பது குவிமாடத்தையும், மயே என்பது முன்புறத்தையும் குறிக்கும். அணுகுண்டு வீச்சில் சிதைந்த கட்டடம் ஒன்றின் அருகில் உள்ளதால் இப்பெயர் ஏற்பட்டது. எனவே நிறுத்தத்தின் தற்போதைய பெயர், அதன் தடத்தைவிட வயதில் இளையது.

அமைவிடம்

கிழக்கே கமியாச்சோ-நிஷி, மேற்கே ஹொன்காவாச்சோ ஆகிய நிறுத்தங்களுக்கு இடையில் இது உள்ளது. இதற்கு மேற்கே டிராம்கள் அயோய் பாலத்தைக் கடக்கின்றன.

வரலாறு

ஹிரோஷிமாவில் டிராம் சேவை 1912 நவம்பர் 23 அன்று தொடங்கியது. செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்செல் வடிவமைத்த மாவட்ட வணிகக் கண்காட்சிக் கூடம் 1915 ஆம் ஆண்டு இத்தடத்தின் அருகே திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அணுகுண்டுக் குவிமாடம் எனப் பெயர் பெற்றது இக்கட்டடமே.

இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குச் சென்றதால் ஊழியர் பற்றாக்குறை ஏற்பட்டது. இதனை ஈடுசெய்ய ஹிரோடென் 1943 இல் பெண்கள் பள்ளி ஒன்றை நிறுவியது. அதன் மாணவிகள் நடத்துநர்களாகவும் ஓட்டுநர்களாகவும் பணியாற்றினர்.

1945 ஆகஸ்ட் 6 காலை 8:15 மணிக்கு அமெரிக்க வானூர்தி அணுகுண்டை வீசியது. ஆங்கில எழுத்தான 'டி' வடிவில் அமைந்திருந்த அயோய் பாலமே அதன் இலக்காக இருந்தது. பாலத்தைத் தவறவிட்ட குண்டு, தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. வெடிப்பு மையத்திலிருந்து சுமார் 160 மீட்டர் தொலைவில் இருந்த கண்காட்சிக் கூடத்தில் சுவர்களின் ஒரு பகுதியும் குவிமாடத்தின் எஃகுச் சட்டமும் மட்டும் எஞ்சின. ஹிரோடென்னின் 123 வண்டிகளில் 108 சேதமுற்றன. 185 ஊழியர்கள் உயிரிழந்தனர்.

மூன்று நாட்களுக்குப் பின், ஆகஸ்ட் 9 அன்று, நகரின் மேற்குப் பகுதியில் கோய், நிஷி-தென்மாச்சோ ஆகிய இடங்களுக்கு இடையே டிராம்கள் மீண்டும் ஓடத் தொடங்கின. குண்டுவீச்சில் பழுதடைந்த 651, 652 ஆகிய எண்களைக் கொண்ட வண்டிகள் சீரமைக்கப்பட்டு, 21 ஆம் நூற்றாண்டிலும் பயணிகளை ஏற்றிச் சென்றன.

சிதைவைப் பாதுகாப்பதா, இடித்துவிடுவதா என்பது குறித்துப் பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. துயர நினைவுகளைத் தூண்டும் என்பதால் அதனை அகற்ற வேண்டும் என்று சிலர் கருதினர். நகர மன்றம் 1966 இல் அதனைப் பாதுகாக்கத் தீர்மானித்தது. 1996 இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

சேவைகள்

ஹிரோஷிமா தொடருந்து நிலையத்திலிருந்து மியாஜிமா-குச்சி செல்லும் 2 ஆம் எண் டிராமும், எபா செல்லும் 6 ஆம் எண் டிராமும் இங்கு நிற்கின்றன. அமைதி நினைவுப் பூங்காவிற்குச் செல்வோரும் நகரவாசிகளும் இந்நிறுத்தத்தைப் பயன்படுத்துகின்றனர்.