யார் செலவில் இந்தச் ‘செலவு’?
அடையாற்றங்கரை உல்லாசங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

‘பிக்னிக்’ என்பதற்கு நம்மிடம் நேரான சொல் கிடையாது. இருக்கிற சொற்கள் ஒவ்வொன்றும் வேறு எதையோ சேர்த்து இழுத்துக்கொண்டு வருகின்றன. வனபோஜனம் என்றால் மடியும் சாதியும் கூடவே வந்துவிடும். கட்டுச்சோறு என்றால் நடையும் பசியும். உல்லாசப் பயணம் பத்திரிகைக்காரர்களின் சொல். பாரதிதாசன் ‘செலவு’ என்று எழுதினார். பழந்தமிழில் செலவு என்றால் பயணம். கிளம்பியவன் போக மனமில்லாமல் தயங்கி நிற்பதைச் ‘செலவழுங்கல்’ என்கிறது அகத்திணை மரபு. இன்றைய பேச்சில் செலவு என்றால் காசுதான். சென்னையின் தென்பகுதியில் ஆற்றங்கரை உல்லாசம் என்று நடந்திருப்பவற்றைப் பார்க்கும்போது இந்த இரண்டு அர்த்தங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது. போகிறவர் ஒருவர், செலவை ஏற்கிறவர் வேறொருவர்.

1970களின் நடுவில் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அடையாற்று முகத்துவாரத்துக்கு ‘இன்பச் சுற்றுலா’ கூட்டிப் போனார்கள். மந்தைவெளியிலிருந்து நடந்தே போகிற தூரம்தான். ஆளுக்கொரு பொட்டலம்: வாழையிலையில் புளிசாதம், மேலே செய்தித்தாள். பட்டினப்பாக்கம் மணலில் இறங்கியதும் வாத்தியார், “எல்லாத்தையும் நல்லா பாத்துக்குங்க, நாளைக்குக் கட்டுரை எழுதணும்” என்றார். சீனிவாசபுரத்திலிருந்து வருகிற பையன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். “சார், இது எங்க வூடு சார்” என்றான். வகுப்பே சிரித்தது, வாத்தியாரும் சிரித்தார். கொஞ்ச தூரத்தில் அவன் அம்மா மணலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் கட்டுரையில் ஆறு, கடல், பறவை, சூரியன் எல்லாம் எழுதினேன். கருவாட்டையும் எழுதினேன், ‘துர்நாற்றம் வீசியது’ என்று. பத்துக்கு எட்டு மார்க் கிடைத்தது.

அந்த எட்டு மார்க்கைத் திருப்பிக் கொடுக்கிற முயற்சியாக இந்தக் குறிப்புகளை எடுத்துக்கொள்ளலாம்.

2

அடையாறு ‘காட்சி’யாக மாறியதற்கு ஒரு வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், படையெடுப்பு பயம் குறையக் குறைய, கம்பெனி அதிகாரிகளும் வியாபாரிகளும் கோட்டையை விட்டு வெளியே தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். ஜார்ஜ் மௌப்ரேயின் குவிமாட வீடு ஆற்றின் வடகரையில் எழுந்தது. 1790களின் கடைசியில் ஜேம்ஸ் பிராடி கட்டிய ‘கோட்டை’யும் அதே கரைதான். பிராடி 1801-இல் இதே ஆற்றில் படகு கவிழ்ந்து மூழ்கிப் போனார். அவர் வீடு பிற்காலத்தில் அரசு இசைக்கல்லூரியாயிற்று. மௌப்ரேயின் வீடு அடையாறு கிளப்பாயிற்று. 1832-இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் 1963-இல் அதோடு இணைந்து இங்கே வந்து சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருஷம் இந்தியர்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளாத கிளப் அது. 1867-இல் தோன்றிய படகுக் கழகம் இந்த ஆற்றில்தான் துடுப்புப் போடுகிறது. அதன் பெயர் தாங்கிய சாலை இன்று நகரத்தின் விலையுயர்ந்த முகவரிகளில் ஒன்று.

இந்த வீடுகளின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஊர்ப்பக்கம் சுவர், ஆற்றுப்பக்கம் திறப்பு. ஆறு வீட்டுக்காரனின் பார்வைக்குள் வந்து ‘நிலக்காட்சி’ ஆகிறது. அதே ஆற்றில் வலை வீசுகிறவரும் துணி வெளுக்கிறவரும் ஒன்று காட்சிக்குள் சிறு உருவங்களாக வரவேண்டும், இல்லையென்றால் காட்சியைக் கெடுப்பவர்களாக விலக வேண்டும். பார்ப்பவர், பார்க்கப்படுபவர் என்கிற இந்தப் பிரிவினை ஆங்கிலேயர் போனதோடு போய்விடவில்லை. நான் எழுதிய எட்டு மார்க் கட்டுரை அதன் வாரிசு.

தென்கரையின் கதை கொஞ்சம் சிக்கலானது. 1882-இல் பிரம்மஞான சபை ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கி அங்கே குடியேறியது. சென்னைக்காரர்களுக்கு அது ஆலமரம். முக்கால்வாசிப் பள்ளிக்கூடங்களின் சுற்றுலா அங்கேதான். 1989-இல் புயற்காற்றில் நடுமரம் சாய்ந்த பிறகும் விழுதுகள் நிற்கின்றன, பிள்ளைகள் போகிறார்கள். அதே சபையின் ஆல்காட் 1894-இல் ஊரூரில் ‘பஞ்சமர்’ பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கினார். உயர்சாதிப் பெருமக்கள் மெய்ஞ்ஞானம் தேடி வந்த தோட்டத்துக்குப் பக்கத்திலேயே, கல்வி மறுக்கப்பட்டவர்களுக்கு எழுத்து கிடைத்தது. இதை மறைத்துவிட்டு வெறும் மேட்டிமை வரலாறாக எழுதினால் அது நேர்மையாகாது. என்றாலும் அந்தக் கரையின் பெயராக நம் நினைவில் தங்கியது மரம்தான், பள்ளிக்கூடமல்ல.

3

சென்னையின் நீர்வழி உல்லாசத்தில் பக்கிங்ஹாம் கால்வாய்க்குத் தனியிடம் உண்டு. 1806-இல் காக்ரேன் கால்வாயாக எண்ணூர்ப் பக்கம் தொடங்கி, வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம்வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர் ஆயிற்று. உப்பும் விறகும் நெல்லும் வந்தன, ஆட்களும் வந்தார்கள். மயிலாப்பூர்க் குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு தோணியேறி மாமல்லபுரம் போய் வந்த கதையை வயதானவர்கள் ஆசையோடு சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற நகரப் பகுதி, ஏறக்குறைய 8 கிலோமீட்டர், 1877-78-இல் வெட்டப்பட்டது. வருஷத்தைக் கவனியுங்கள்: தாது வருஷப் பஞ்சம். பஞ்ச நிவாரண வேலையாகத்தான் இதை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பெயரையே கால்வாய்க்கு வைத்தார்கள். 1877-இன் தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த நிவாரணக் கூலி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவான தானியம். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இன்னும் குறைவு. எதிர்ப்பு வந்த பிறகுதான் கூட்டினார்கள். பிற்காலத்தில் புளிசாதம் கட்டிக்கொண்டு மிதந்து போன தண்ணீருக்கு அடியில் இருப்பது பட்டினி கிடந்தவர்கள் மண்வெட்டிய தடம்.

1934-இல் ஒரு முழுநிலா இரவுப் பயணம் இந்தக் கால்வாயில் நடந்தது. பாரதிதாசன், ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம், மயிலை சீனி. வேங்கடசாமி முதலான நண்பர்கள் தோணியில் மாமல்லபுரம் போனார்கள். சுயமரியாதை இயக்கமும் சமதர்மப் பேச்சும் சூடாக இருந்த காலம். ‘மாவலிபுரச் செலவு’ என்கிற கவிதை அந்தப் பயணத்தில் பிறந்தது. வெயில், மாலை, இருள் என்று இயற்கையை ரசித்துக்கொண்டே போகிற கவிதை, ஓரிடத்தில் கரையைப் பார்க்கிறது. தோளில் கயிறு மாட்டி ஒருவன் கரையோடு நடந்து தோணியை இழுக்கிறான். பின்புறம் இன்னொருவன் முதுகு வளைந்து கோலால் தள்ளுகிறான். கவிஞனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. உலகில் எவருடைய இன்பமும் உழைப்பவனின் தோள்வலியால்தான் கரையேறுகிறது என்கிற இடத்துக்குக் கவிதை வந்து சேர்கிறது.

தமிழில் உல்லாசப் பயணம் பற்றி எழுதப்பட்டவற்றில், பயணி தன் கண்ணைத் திருப்பித் தன்னை இழுத்துப் போகிறவனைப் பார்த்த அபூர்வமான தருணங்களில் ஒன்று இது. இதைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். தோணியில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களை வாழ்க்கை வரலாறுகளிலிருந்து நான் மேலே பட்டியலிட முடிந்தது. இழுத்தவனின் பெயர் எங்கே? தள்ளியவனின் பெயர் எங்கே? அவர்கள் எந்த ஊர், என்ன கூலி, மாமல்லபுரம் சேர்ந்த பிறகு என்ன சாப்பிட்டார்கள்? பிரதியின் மௌனம் என்று நாம் தத்துவமாகப் பேசுகிறோமே, அது இங்கே இரண்டு ஆட்களின் பெயர் இல்லாமை. உழைப்பைக் கண்ட கவிதையிலும் உழைத்தவன் பாடமாக மாறிவிடுகிறான். பாரதிதாசனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கண்டதைக்கூட அவருக்குப் பின்னால் வந்த நாம் காணவில்லை.

போக்குவரத்து நின்று தூர்ந்த கால்வாயில் பிறகு நகரத்தின் சாக்கடை இறங்கியது. 1990களில் பறக்கும் ரயில் வந்தது. 1995-இல் சேப்பாக்கம்வரை, 1997-இல் மயிலாப்பூர்வரை, 2007-இல் வேளச்சேரிவரை. பல இடங்களில் அதன் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. கரையில் குடிசை போட்டவன் ஆக்கிரமிப்பாளன். நீருக்குள் தூண் இறக்கியது வளர்ச்சி. இந்தச் சொல்லாடலின் அதிகாரத்தை விளக்க பூக்கோவைக் கூப்பிட வேண்டியதில்லை. மந்தைவெளி ஸ்டேஷன் படியில் நின்று கீழே பார்த்தால் போதும்.

4

முகத்துவாரத்துக்கு வருவோம். பெசன்ட் நகரிலிருந்து வடகரைக்கு மீனவர்கள் நடந்து போய்வர 1967-இல் ஒரு பாலம் கட்டினார்கள். 1977-இல் வெள்ளம் அதை உடைத்தது. திரும்பக் கட்டவில்லை. மீனவர்களுக்கு அது போன வழி. நமக்கு அது ‘உடைந்த பாலம்’ என்கிற இடம்: சினிமாக்காரர்கள் படம் பிடித்தார்கள், காதலர்கள் போனார்கள், இப்போது செல்போனில் படம் எடுக்கப் போகிறார்கள். ஒரு சமூகத்தின் இழப்பு இன்னொரு சமூகத்தின் அழகியலாக மாறுவதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியாது.

2011 ஜனவரியில் அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கரில் சூழல் பூங்கா திறக்கப்பட்டது. பெயர் தொல்காப்பியப் பூங்கா. குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த இடத்தில் அலையாத்தியும் நாணலும் வளர்ந்தன, பறவைகள் வந்தன. இது நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் திறந்து பல வருஷம், நினைத்தபோது போய் உட்கார்ந்து சோறு தின்கிற இடமாக அது இல்லை. முன்கூட்டி அனுமதி வாங்கியவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வரிசையில் போய்ப் பார்த்து வருகிற இடமாகத்தான் இருந்தது.

பெயரைத்தான் யோசிக்க வேண்டும். தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருளைச் சொல்லும்போது மரத்தையும் பறவையையும் மட்டும் சொல்லவில்லை. தெய்வம், உணவு, விலங்கு, பறை, யாழ் என்று அடுக்கி, கூடவே ‘செய்தி’ என்கிறார். செய்தி என்றால் தொழில். மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் இல்லாமல் நெய்தல் கிடையாது. மரமும் பறவையும் உள்ளே, உணவும் தொழிலும் வேலிக்கு வெளியே என்று ஒரு நிலத்தை வரைந்துவிட்டு, அதற்குத் தொல்காப்பியத்தின் பெயரை வைத்திருக்கிறோம். தமிழ்ப்பற்றின் பெயரால் நடக்கிற இந்த வெட்டலை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

5

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஆறு தன் பழைய அகலத்தை எடுத்துக்கொண்டது. வெள்ளத்துக்குப் பிறகு ‘ஆற்றைக் காப்பாற்றுவோம்’ என்ற குரல் எழுந்தது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் கரைகளிலிருந்து குடும்பங்கள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். வெள்ளத்திலிருந்து காப்பாற்றச் சதுப்புக்கு அனுப்பினோம். கரையோரத்துப் பெரிய கட்டடங்கள் அவரவர் இடத்தில்.

2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை வீடுகளை நீதிமன்ற உத்தரவின்படி இடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே வாழ்ந்த பெரியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான் அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கத்திலேயே வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே இடம் கொடுக்க முடியும் என்பது தெரியவர ஓர் உடல் எரிய வேண்டியிருந்தது. தோணி போன அதே கால்வாயின் கரை அது.

இந்த மக்களுக்கு உல்லாசம் கிடையாது, உழைப்பு மட்டும்தான் என்று எழுதுவதும் நம்முடைய இன்னொரு புனைவு. ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம், காணும் பொங்கலுக்கு மெரினாவும் எலியட்ஸ் கடற்கரையும். தூக்கில் கறிக்குழம்பு, மடியில் குழந்தை, தலையில் கனகாம்பரம். அன்றைக்கு நடுத்தர வர்க்கம் வீட்டைவிட்டு வெளியே வராது. கடலில் இறங்கப் போலீஸ் தடை போடும். மறுநாள் பேப்பரில் எத்தனை டன் குப்பை என்று கணக்கு வரும். நாம் போனால் சுற்றுலா, அவர்கள் வந்தால் கூட்டம்.

கடைசியாக நம்மைப் பற்றி. தொண்ணூறுகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் பௌர்ணமிதோறும் முகத்துவார மணலில் கூடுவோம். அமைப்பியல், பின்நவீனத்துவம், தலித்தியம் எல்லாம் பேசினோம். மீன் வறுத்து விற்கிற அக்கா ஒருத்தியிடம் கடன் சொல்லித் தின்போம். ஒருநாள் அவள் கேட்டாள்: “மாசாமாசம் வர்றீங்க தம்பி, தண்ணியப் பாத்துகினு இன்னாமோ பேசிகினு போறீங்க. எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வந்து பத்து நாளாச்சி. அத்தப் பத்தி ஒருத்தரும் பேசலியே?” நாங்கள் சிரித்தோம், என் வகுப்பு சிரித்ததைப் போலவே. அந்த மாதக் கூட்டத்தின் குறிப்பில் அவள் கேட்டது இடம்பெறவில்லை. குறிப்பு எழுதியவன் நான்தான்.

இனியும் ஆற்றங்கரைத் திட்டங்கள் வரும். நடைபாதை, சைக்கிள் பாதை, படகுத்துறை என்று வரைபடம் போடுவார்கள். நாம் வாசிப்பில் பழகியவர்கள். அந்த வரைபடத்தையும் ஒரு பிரதியாக வாசித்து, இன்றைக்கு அங்கே குடியிருப்பவர் அதில் எங்கே என்று பொதுவிசாரணையில் எழுந்து கேட்கலாம். கரையில் வீடும், கரையில் உட்கார உரிமையும் ஒரே ஆளுக்குக் கிடைக்கிறதா என்று கேட்கலாம். இன்னொரு வேலையும் பாக்கியிருக்கிறது. தோணி இழுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கால்வாய்க் கரையிலோ பெரும்பாக்கத்திலோ இருக்கக்கூடும். தாத்தா பெயர் என்ன, எந்தத் துறையில் இழுத்தார் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். நான் மந்தைவெளியிலிருந்து தொடங்குகிறேன். விருப்பமுள்ள நண்பர்கள் சேர்ந்துகொள்ளலாம்.