திரிகைக் கல்லிலிருந்து மின்குமிழுக்கு

நேபாளத்துக்கு மின்சாரம் வந்தது 1911 இல். காத்மண்டுவுக்குத் தெற்கே பார்ப்பிங்கில் 500 கிலோவாற் நீர்மின் நிலையத்தைக் கட்டுவித்தவர் பிரதமர் சந்திர சம்சேர் ராணா. வெளிச்சம் போனதோ ராணாக்களின் மாளிகைகளுக்கு. மலைக் கிராமத்தவருக்கு அதன் பின்னும் பல பத்தாண்டுகள் பைன் மரச் சுள்ளியும் மண்ணெண்ணெய் விளக்கும்தான்.

ஆனால் அவர்களிடம் 'கட்டா' இருந்தது. ஓடை நீரை வாய்க்காலில் திருப்பி, மரச் சக்கரத்தைச் சுழற்றி மாவரைக்கும் திரிகை அது. 1960களுக்குப் பிறகு உள்நாட்டுப் பட்டறைகள் இரும்புச் சுழலிகளைச் செய்யத் தொடங்கின. பகலில் நெல் குற்றும், மாவரைக்கும், எண்ணெய் ஆட்டும். பொழுது சாய்ந்ததும் பட்டியை மின்பிறப்பாக்கிக்கு மாற்றினால் ஊருக்கு விளக்கு! 1984 இல், 100 கிலோவாற் வரையான நிலையங்களுக்கு அனுமதிப் பத்திரம் தேவையில்லை என்று அரசு விலகி நின்றது. எந்த வெளிநாட்டு உதவியையும் விட இதுவே பெரிய உதவி என்பேன்.

சோதனை வேறு பக்கத்தால் வந்தது. தேசிய மின்கம்பி ஊருக்குள் வந்ததும் சனங்கள் அதற்கு மாறினார்கள். ஊரவர் சேர்ந்து வாய்க்கால் வெட்டி அமைத்த நிலையங்கள் பல பூட்டிக் கிடந்தன. 2018 ஜனவரியில்தான், நுவாகோட் மாவட்டத்துச் சியாவுரேபூமியின் 23 கிலோவாற் நிலையம், நாட்டிலேயே முதலாவதாக, தேசிய மின்வலையோடு இணைக்கப்பட்டது. மின்சாரத்தை வாங்க மட்டுமல்ல, விற்கவும் அன்று அந்த ஊருக்கு வழி பிறந்தது.